அகஸ்டா ஜேம்ஸ் பிரவுன் சிலை: பீடம் இல்லாம நிக்கிற மனுஷன்

5க்கு 4 ஸ்டார். அந்த ஒண்ண ஏன் குறைச்சேன்னு அப்புறம் சொல்றேன், ஆனா இத முதல்ல சொல்லிடணும், இந்த சிலைக்கு பீடம் கிடையாது. நாம நிக்கிற அதே தரையில நம்ம கண்ணுக்கு நேரா அமெரிக்க பாடகர் ஜேம்ஸ் பிரவுன் நிக்கிறாரு. ஆள் உசரத்துக்கே வார்த்த வெண்கல சிலை, கையில மைக், தோள்ல அந்த ஃபேமஸ் கேப் (மேடையில தோள்ல போர்த்திக்கிற அங்கி), வாய் நிறைய சிரிப்பு. பக்கத்துல போயி தோள்ல கை போட்டு நின்னு போட்டோ எடுத்துக்கலாம், நாங்க எடுத்தோம், யாரும் வந்து தள்ளிப் போங்கனு சொல்லல.

நாங்க போனது 2022 நவம்பர், தேங்ஸ்கிவிங் லீவுல வந்த சனிக்கிழமை. அட்லாண்டாவுல இருந்து ஐ-20 ஹைவேல ஏறினா நேரா அகஸ்டா தான், அதுவும் ஜார்ஜியா மாநிலத்துல தான் இருக்கு, கிட்டத்தட்ட ரெண்டரை மணி நேரம், ரோடு ரொம்ப போர், ரெண்டு பக்கமும் பைன் மரம் மட்டும் தான். என் பையன் ஸ்கூல் பேண்ட்ல டிரம்ஸ் வாசிக்கிறான், அவனோட சார் கிளாஸ்ல ஜேம்ஸ் பிரவுன் பேண்டோட டிரம்மர்கள் பத்தி சொல்லிருக்காரு போல, அதுல இருந்து ஒரு மாசமா வீட்ல இதே பாட்டு தான், "அம்மா அகஸ்டா பக்கம் தானே, போலாமா"னு நச்சரிச்சு கூட்டிட்டு போயிட்டான். எனக்கு அதுக்கு முன்னாடி ஜேம்ஸ் பிரவுன்னா மைக்கேல் ஜாக்சனுக்கு குரு மாதிரி ஒருத்தர், கால வழுக்கி வழுக்கி ஆடுவாரு, அவ்ளோதான் தெரியும். போயிட்டு வந்தப்புறம் தான் உக்காந்து படிச்சேன், இன்னும் படிச்சிட்டு இருக்கேன்.

சிலை இருக்கிறது டவுன்டவுன்ல பிராட் ஸ்ட்ரீட் நடுவுல, எட்டாவது தெருவுக்கும் ஒன்பதாவது தெருவுக்கும் இடையில. பேருக்கு ஏத்த மாதிரி அந்த ரோடு நெஜமாவே ரொம்ப அகலம், நடுவுல பெரிய மீடியன், அதுலயே பள்ளம் மாதிரி இறக்கி பார்க்கிங் விட்டிருக்காங்க, அங்க கார நிறுத்திட்டு படி ஏறி வந்தா ரெண்டு நிமிஷம் கூட நடக்க வேண்டாம். அந்த ஒன்பதாவது தெருவுக்கே இப்ப பேரு ஜேம்ஸ் பிரவுன் புல்வார்ட், 1993ல மாத்தினாங்க. நாங்க போனப்போ கூட்டமே இல்ல, ஒரு கணவன் மனைவி, சைக்கிள்ல ஒரு பையன், நாங்க, அவ்ளோதான்.

ஏன் இந்த தெருவுல வெச்சாங்கனு தெரிஞ்சா தான் சிலையோட அருமை புரியும். பிரவுன் பொறந்தது 1933 மே 3, சவுத் கரோலினாவுல பார்ன்வெல் பக்கம், படு வறுமை. அம்மா விட்டுட்டு போயிட்டாங்க, நாலஞ்சு வயசுல அகஸ்டாவுக்கு அத்தை வீட்டுக்கு வந்துட்டாரு, அந்த அத்தை நடத்தினது ட்விக்ஸ் ஸ்ட்ரீட்ல ஒரு விபச்சார விடுதி. கறுப்பின மக்கள் இருந்த அந்த பகுதிய ஊர்ல 'தி டெர்ரி'னு சொல்வாங்க. பருத்தி எடுத்திருக்காரு, ரெண்டாம் உலகப் போர் சமயத்துல கேம்ப் கார்டன்ங்கிற ராணுவ முகாமுக்கு போற சோல்ஜர்ங்க முன்னாடி ஆடிக் காட்டி சில்லறை வாங்கிருக்காரு, டவுன்டவுன்ல உக்காந்து வர்றவன் போறவன் ஷூவுக்கெல்லாம் பாலிஷ் போட்டிருக்காரு. டபிள்யூஆர்டிடபிள்யூனு ஒரு ரேடியோ ஸ்டேஷன், அதுக்கு முன்னாடியும் பாலிஷ் பெட்டியோட உக்காந்தவரு தான். 1968ல அதே ஸ்டேஷன விலைக்கு வாங்கிட்டாரு! எந்த வாசல்ல குனிஞ்சு உக்காந்தாரோ அதுக்கே முதலாளி. இத படிச்சப்போ எனக்கு தொண்டை அடைச்சுருச்சு.

இப்ப யோசிச்சு பாருங்க, தரையில உக்காந்து மத்தவங்க செருப்ப துடைச்ச பையன கொண்டு போயி இருபது அடி பீடத்துல ஏத்தி வெச்சிருந்தா நாம என்ன பாத்திருப்போம், அவரோட ஷூவ தான் பாத்திருப்போம். தரையில வெச்சதால மூஞ்சிய பாக்குறோம். செஞ்சவரு ஜான் சாவேஜ்னு ஒரு சிற்பி. 2005 மே மாசம் திறந்தாங்க, அப்ப பிரவுன் உயிரோட தான் இருந்தாரு, ஒன்றரை வருஷம் கழிச்சு 2006 கிறிஸ்துமஸ் அன்னிக்கு தான் அட்லாண்டா ஆஸ்பத்திரில இறந்தாரு. தன்னோட சிலைய தானே பாத்துட்டு போனவரு.

நாங்க நிக்கும்போது வயசான ஒரு கறுப்பின அம்மா வந்தாங்க, கையில ஷாப்பிங் பை. எங்களுக்கு ஒரு ஹலோ சொல்லிட்டு நேரா சிலைகிட்ட போயி தோள்ல ஒட்டிட்டு இருந்த காஞ்ச இலைய தட்டி விட்டாங்க, நம்ம வீட்டு ஆம்பளைங்க வெளிய கிளம்புறப்போ சட்டை தோள தட்டி விடுவோம்ல, அதே மாதிரி. பையன் அவங்ககிட்ட "நீங்க அவர நேர்ல பாத்திருக்கீங்களா"னு கேட்டான். சிரிச்சுட்டு, சின்ன வயசுல கிறிஸ்துமஸ் பொம்மை வாங்க லைன்ல நின்னிருக்கேன், ரொம்ப நீளமான லைன், ஆனா யாரும் வெறுங்கையோட போகலனு சொன்னாங்க. வருஷா வருஷம் தேங்ஸ்கிவிங்குக்கு வான்கோழி, கிறிஸ்துமஸுக்கு பசங்களுக்கு பொம்மைனு இந்த ஊர்ல குடுத்துட்டே இருந்திருக்காரு, சாகிறதுக்கு சில நாள் முன்னாடி கூட பொம்மை குடுக்கிற இடத்துக்கு வந்திருக்காரு. அந்த அம்மா பேரெல்லாம் நாங்க கேக்கல, அவங்களும் அப்படியே ரோட தாண்டி போயிட்டாங்க. எனக்கு மனசுல நின்னது அந்த இலைய தட்டி விட்டது தான், பீடம் இருந்திருந்தா அவங்க கை எட்டிருக்குமா.

சரி, இப்ப பீடம் இருக்கிற ஒண்ண பத்தி சொல்றேன். இதே பிராட் ஸ்ட்ரீட்ல அடுத்த பிளாக்ல, இதே மீடியன்ல, கான்ஃபெடரேட் நினைவுச்சின்னம் நிக்குது. 1878ல வெச்சது, 76 அடி உசரம், வெள்ளை மார்பிள், உச்சியில ஒரு சாதாரண சிப்பாய், கீழ நாலு பக்கமும் அந்த படையோட ஜெனரல்ங்க, அதுல ராபர்ட் லீயும் ஸ்டோன்வால் ஜாக்சனும் உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போர்ல அடிமை முறைய காப்பாத்த சண்டை போட்ட தென் மாநில படைக்கு எழுப்பினது. அதுல செதுக்கியிருக்கிற வரிய என் பையன் சத்தமா படிச்சான், இவ்வளவு வெள்ளையா அழகா எந்த தேசமும் எழுந்ததில்ல, இவ்வளவு குற்றமில்லாம எதுவும் விழுந்ததில்லனு அர்த்தம் வர்ற மாதிரி. படிச்சு முடிச்சுட்டு அவன் ஒண்ணுமே பேசல. வீட்டுக்காரர் தான் "வா, போலாம்"னு கூட்டிட்டு வந்தாரு. அங்க இருந்து திரும்பி நடந்து வந்தா தரையில சிரிச்சுட்டு நிக்கிற பிரவுன். ரெண்டையும் ஒரே நாள்ல நடந்து பாக்கணும், ஒண்ண மட்டும் பாத்துட்டு வராதீங்க. அண்ணாந்து பாத்த கண்ணு கீழ இறங்கி ஒரு மனுஷன் கண்ண நேரா பாக்குறப்போ ஒண்ணு நடக்குது மனசுக்குள்ள, அத என்னால சரியா எழுத முடியல.

அகஸ்டான்னா வெளி ஊர்க்காரங்களுக்கு கோல்ஃப் தான், ஏப்ரல்ல மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டி வந்தா ஹோட்டல் ரூமே கிடைக்காது. அந்த மாஸ்டர்ஸ்ல 1975 வரைக்கும் ஒரு கறுப்பின வீரர் கூட ஆடினது இல்ல. பிரவுன் வளந்த ஊர் அப்படிப்பட்டது.

1970 மே மாசம் இந்த ஊர்ல பெரிய கலவரம். சார்லஸ் ஓட்மன்னு 16 வயசு பையன் கவுண்டி ஜெயில்ல அடிபட்டு செத்துப் போனான், ஜனங்க கொதிச்சு எழுந்தாங்க, போலீஸ் சுட்டதுல 6 கறுப்பின ஆண்கள் செத்தாங்க, 6 பேருக்கும் முதுகுல தான் குண்டு. வெளியூர்ல கச்சேரில இருந்த பிரவுன் ஓடி வந்தாரு, கவர்னர பாத்தாரு, தன்னோட அந்த ரேடியோ ஸ்டேஷன்லயே ஜனங்ககிட்ட அமைதியா இருங்கனு பேசினாரு. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி மார்ட்டின் லூதர் கிங்க சுட்டுக் கொன்ன மறுநாள், பாஸ்டன்ல கச்சேரிய நிறுத்தாம டிவில லைவ்வா காட்டி ஊர வீட்லயே உக்கார வெச்சவரும் இவரு தான். பாட்டுக்காரன் ஒருத்தன் பேச்சுக்கு ஊர் அடங்குதுன்னா அந்த ஊரு அவன எவ்ளோ தன்னோட ஆளா நினைச்சிருக்கணும். ஆனா சிலைகிட்ட நிக்கிறப்போ இந்த 1970 கதை எதுவும் நமக்கு தோணவே தோணாது, நானும் வீட்டுக்கு வந்து தான் தெரிஞ்சுக்கிட்டேன். இது எனக்கு பெரிய குறை. டூரிஸ்ட் சிரிச்சுட்டு போட்டோ எடுத்துட்டு போயிடறாங்க.

இன்னொன்னும் மறைக்க கூடாது. இவரு பெண்கள்கிட்ட நடந்துக்கிட்ட விதம் நல்லா இல்ல, வீட்ல அடிச்ச கேஸ்ல பல தடவ கைதாகியிருக்காரு. 2004 ஜனவரில கூட அப்படி ஒரு கைது, அதுக்கு அடுத்த வருஷம் தான் இந்த சிலைய திறந்தாங்க. 1988ல போலீஸ் துரத்தி பிடிச்சு ஜெயிலுக்கு போயி 1991ல வெளிய வந்தாரு. ஒரு பொம்பளையா அந்த சிரிப்புக்கு முன்னாடி நிக்கும்போது இது எனக்கு உறுத்துச்சு, உறுத்தலனு சொன்னா பொய். பையன்கிட்டயும் திரும்பி வர்ற வழியில கார்ல இத சொன்னேன், அவன் வயசுக்கு தெரிஞ்சுக்கணும். பீடத்துல ஏத்தாததுக்கு இதுவும் ஒரு நியாயம்னு எனக்கு பட்டுச்சு, கும்பிட சொல்லாம பாக்க மட்டும் சொல்றாங்க.

அந்த ஒரு ஸ்டார் கதைக்கு வரேன். சிலை அசையாம நிக்குது. சிலைன்னா அசையாதுனு எனக்கும் தெரியும், ஆனா ஜேம்ஸ் பிரவுன் நின்ன மாதிரி ஒரு வீடியோ கூட நான் பாத்ததில்ல! ஒத்தை கால்ல வழுக்கிட்டு ஸ்டேஜ் முழுக்க போறது, சட்டுனு கால ரெண்டு பக்கமும் விரிச்சு தரையில உக்காந்து அதே வேகத்துல எந்திரிக்கிறது, மைக் ஸ்டாண்ட கீழ தள்ளி விழறதுக்குள்ள இழுத்து பிடிக்கிறது. முட்டி போட்டு அழுவாரு, டேனி ரேனு அவரோட எம்.சி (மேடை அறிவிப்பாளர்) வந்து கேப்ப போர்த்தி தட்டிக் குடுத்து கூட்டிட்டு போவாரு, நாலடி போனதும் கேப்ப உதறிட்டு திரும்ப மைக்குக்கு ஓடி வருவாரு, ஜனம் கத்தும். அந்த கேப் சிலையில இருக்கு, உதறல் இல்ல. கால் ரெண்டும் அமைதியா ஊன்றி இருக்கு. ஒரு முட்டிய மடக்கியிருக்கலாம், ஒரு குதிகால தூக்கியிருக்கலாம். மூஞ்சியும் கொஞ்சம் சாந்தமா போச்சு, வேர்வை இல்லாத ஜேம்ஸ் பிரவுன். என் பையன் பாத்த உடனே சொன்னது "ஏம்மா இவரு ஆடல"னு தான்.

அவனுக்கு பிரவுன விட பின்னாடி வாசிச்சவங்க தான் ஹீரோ. கிளைட் ஸ்டபிள்ஃபீல்டு, ஜாபோ ஸ்டார்க்ஸ்னு ரெண்டு டிரம்மர்கள். எனக்கு புரியிற மாதிரி சொல்லுடான்னேன், டேபிள்ல தட்டி காட்டினான். அப்போ இருந்த மத்த பாட்டெல்லாம் நாலு அடில ரெண்டாவதுலயும் நாலாவதுலயும் அழுத்தம் குடுக்கும், பிரவுன் அந்த அழுத்தத்த முதல் அடிக்கு கொண்டு வந்தாரு, எல்லாரும் எங்க சுத்தினாலும் அந்த முதல் அடில ஒண்ணா வந்து விழணும். அவங்க அத 'தி ஒன்'னு சொல்றாங்க. கர்நாடக கச்சேரி கேக்குறவங்களுக்கு இது உடனே புரியும், தனி ஆவர்த்தனம் எங்க போனாலும் சமத்துல வந்து சேர்ற சந்தோஷம் தான். ஃபங்க்னு ஒரு வகை இசையே அதுல இருந்து பொறந்துச்சு. பேண்ட்ல எவனாவது தப்பா வாசிச்சா ஆடிட்டே கைவிரலால சைகை காட்டி ஃபைன் போடுவாராம், அவ்ளோ கண்டிப்பு. ஸ்டபிள்ஃபீல்டு 1969ல ஒரு ரெக்கார்டிங்ல சில நொடி தனியா வாசிச்ச தாளத்த எடுத்து பின்னாடி எத்தனையோ ஹிப்-ஹாப் பாட்டுல ஒட்டினாங்க, இன்னிக்கு வரைக்கும் ஒட்டுறாங்க. எழுதினவர்ங்கிற இடத்துல பிரவுன் பேரு மட்டும் இருந்ததால அந்த மனுஷனுக்கு அதுல காசு வரல, 2017ல இறந்துட்டாரு. பையனுக்கு இது ரொம்ப கோவம், சிலை முன்னாடி நின்னே சொன்னான் "பக்கத்துல ஒரு டிரம் செட்டும் வெச்சிருக்கணும்"னு. நல்ல ஐடியா தான்.

சிலைய மட்டும் பாக்கணும்னா பத்து நிமிஷம் போதும், அதுக்காக ரெண்டரை மணி நேரம் ஓட்டாதீங்க. அங்க இருந்து சில பிளாக் தள்ளி ரெனால்ட்ஸ் ஸ்ட்ரீட்ல அகஸ்டா மியூசியம் ஆஃப் ஹிஸ்டரி இருக்கு, அதுல ஜேம்ஸ் பிரவுனுக்குனு தனி பகுதி, அவரோட டிரெஸ்ஸெல்லாம் கண்ணாடிக்குள்ள. அத அவசியம் சேத்துக்கோங்க. சின்ன வயசுல போட்டுக்க சரியான துணி இல்லனு ஸ்கூல்ல இருந்து வீட்டுக்கு திருப்பி அனுப்பிருக்காங்க இவர, அத அவரே சொல்லிருக்காரு. இத தெரிஞ்சுட்டு அந்த டிரெஸ்ஸ பாருங்க, ஒவ்வொண்ணும் எவ்ளோ வேலைப்பாடு. ஏன் அந்த ஆளு ஷூ பளபளப்புல இருந்து தலைமுடி வரைக்கும் அவ்ளோ பாத்து பாத்து செஞ்சிக்கிட்டாருனு புரியும். சிலையில இருக்கிற கோட்டு கூட அப்புறம் வேற மாதிரி தெரிஞ்சுது எனக்கு, மியூசியம் பாத்துட்டு சாயங்காலம் திரும்பவும் ஒரு தடவ சிலைகிட்ட போனோம்.

முடிஞ்சா பிராட் ஸ்ட்ரீட்டும் ஜேம்ஸ் பிரவுன் புல்வார்டும் சேர்ற மூலைக்கு நடங்க, அங்க செவுரு முழுக்க அவர வரைஞ்சிருக்காங்க, 2020ல வரைஞ்சது, கலர் அள்ளுது. சிலையில இல்லாத அந்த வேகம் அதுல இருக்கு. அவர் இறந்தப்போ நியூயார்க் அபோலோ தியேட்டர்ல ஜனங்க பாக்க வெச்சுட்டு இங்க அகஸ்டாவுக்கு தான் கொண்டு வந்தாங்க, டிசம்பர் 30ஆம் தேதி அவர் பேர்லயே இருந்த அரங்கத்துல இறுதி அஞ்சலி, மைக்கேல் ஜாக்சன் வந்து குனிஞ்சு நெத்தியில முத்தம் குடுத்துட்டு பேசினாரு. அந்த வீடியோவ போறதுக்கு முன்னாடி பாத்துட்டு போங்க.

சாப்பாட்டுக்கு முன்னாடியே பிளான் பண்ணிக்கோங்க. போன்ல திறந்திருக்குனு காட்டின ஒரு கடைக்கு பசியோட நடந்து போனா ஷட்டர் இறக்கியிருந்துச்சு, லீவு வாரம்கிறதால இருக்கலாம், கடைசில கார்ல இருந்த புளிசாதமும் சிப்ஸும் தான் மீடியன் ஓரத்துல உக்காந்து சாப்ட்டோம். நிழல் கம்மி, ஜார்ஜியா வெயில் தெரியும்ல, ஜூன் ஜூலைல போனா மதியத்துல போகாதீங்க, வெண்கலத்த தொடவே முடியாது. ரோடு அகலம், ரெண்டு பக்கமும் வண்டி வரும், சின்ன பசங்க இருந்தா கைய விடாதீங்க.

கார்ல என்ன கேக்குறதுனும் சொல்லிடறேன். 1962 அக்டோபர்ல அபோலோ தியேட்டர்ல அவர் பாடினத லைவ்வா பதிவு பண்ணி அடுத்த வருஷம் வெளியிட்டாங்க. ரெக்கார்டு கம்பெனி முதலாளி இதெல்லாம் விக்காதுனு காசு போட மாட்டேன்னுட்டாரு, பிரவுன் சொந்த காச போட்டாரு, அது ஆல்பம் சார்ட்ல ரெண்டாவது இடம் வரைக்கும் போயி 66 வாரம் நின்னுச்சு. ஜனங்க கத்துறது, நடுவுல ஒரு அம்மா தனியா அலறுறது எல்லாம் அப்படியே கேக்கும். மொத்தமே அரை மணி நேரம் தான், அட்லாண்டாவுல ஏறினா அகஸ்டா வர்றதுக்குள்ள நாலு தடவ கேக்கலாம், நாங்க கேட்டோம்.